தொண்ணூறு ரூபாய்க் கூரை

அறுபதுகளில் தாராவியில் எங்களுக்கு இருந்தது ஒரே அறை. மேலே தகரக் கூரை. முந்தின வருஷ மழையில் அது ஏழு இடத்தில் ஒழுகியது. அந்த ஈரத்திலேயே கிடந்த என் மகளுக்கு இழுப்பு வந்து, பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். அவளுக்கு அப்போது ஐந்து வயது. இன்னொரு தடவை இப்படி ஈரத்தில் போட்டால் பிள்ளை தாங்காது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். மே மாதம் பிறந்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

கூரை வேலைக்கு எங்கள் ஊர் அண்ணாச்சி ஒருவர் வந்தார். என் வீட்டுக்காரர் பம்பாய் வந்த புதிதில் ஒன்றரை வருஷம் படுக்க இடம் கொடுத்தவர். ஓட்டைத் தகரங்களை மாற்றி, மேலே தார் பூசித் தரத் தொண்ணூறு ரூபாய் என்று பேச்சு முடிந்ததாக வீட்டுக்காரர் வந்து சொன்னார். காய்கறிக்காரனிடம் ஐந்து பைசாவுக்குக் கால் மணி நேரம் மல்லுக்கட்டுகிறவள் நான். எனக்கே அது நியாயமாகப் பட்டது. இருபது ரூபாய் முன்பணமும் கொடுத்தாயிற்று.

அதோடு விட்டிருக்கலாம். சும்மா இருக்கிற புத்தியா எனக்கு? விலை சரிதானா என்று பார்க்க, பக்கத்துச் சுனாபட்டியிலிருந்து கூரை வேலை செய்கிற ஒரு மராட்டிக்காரரை வீட்டுக்காரருக்குத் தெரியாமல் கூட்டிவந்தேன். அவர் கூரைமேல் ஏறவே இல்லை. உள்ளே நின்று, கூரையைத் தாங்குகிற நடுக்கட்டையை அண்ணாந்து பார்த்தார். அது உள்ளுக்குள் உளுத்துவிட்டது, ஆணி நிற்காது, பெருங்காற்று வந்தால் கூரையே இறங்கிவிடும் என்று இந்தியில் சொன்னார். கட்டையோடு சேர்த்து நூற்று அறுபத்தைந்து கேட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அடுப்புப் புகையில் கறுத்து இரும்பு மாதிரி இருந்த கட்டை அது. மழை நெருங்குகிறது, பொம்பளை தனியாக இருக்கிறாள் என்று காசு அடிக்கப் பார்க்கிறான் என்று நினைத்து அனுப்பிவிட்டேன்.

ஆள் போன பிறகும் ஆத்திரம் தணியவில்லை. வாசலில் சாரலுக்குக் கட்டச் சாக்கு தைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோணி ஊசியோடு டிரங்குப் பெட்டிமேல் ஏறி, அவன் சொன்னது பொய் என்று எனக்கு நானே காட்டிக்கொள்ள, கட்டையில் ஒரு குத்துக் குத்தினேன். ஊசி காதுவரை உள்ளே போனது. இழுத்தபோது மாவு மாதிரித் தூள் முகத்தில் கொட்டியது. ஒரு சாண் தள்ளிக் குத்தினேன். அங்கேயும் போனது. கீழே மகள் படுத்திருந்தாள்.

வேலை விட்டு வந்த வீட்டுக்காரரிடம் சொன்னேன். அண்ணாச்சியிடம் இதைக் கேட்கக் கூடாது, செய்நன்றி மறந்தவர்கள் என்று ஆகிவிடும் என்றார். தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு, உங்கள் அண்ணாச்சி நம் தலையில் மிளகாய் அரைக்கிறார் என்றேன் நான். மூன்று நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணாச்சி சுத்தியலும் ஆணியுமாக வந்து நின்றார். வீட்டுக்காரர் கண்ணால் ஜாடை காட்டியும் நான் கேட்கவில்லை. ஊசியை நீட்டினேன்.

"அந்தக் கட்டைல ஒரு குத்துக் குத்திப் பாருங்க அண்ணாச்சி."

அவர் கையை நீட்டவில்லை. "குத்த வேண்டாம் தங்கச்சி. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா புள்ள தலைக்கு மேல தகரம் அடிக்க வந்திய?"

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "நான் வெலையே சொல்லல. கைல தொண்ணூறுதான் இருக்கு, அதுக்குள்ள முடிச்சுத் தாங்கன்னு மாப்ளதான் கேட்டாவ. இந்த ஒரு மழையத் தாங்கிரும்னு நெனச்சேன்."

நியாயமான விலை என்று நான் மெச்சியது வீட்டுக்காரர் சட்டைப்பையில் இருந்த காசு. கையில் இருப்பதை முதலில் சொல்லிவிட்டு வேலை பேசுகிற மனுஷனிடம் எனக்கு ஆத்திரம் வந்தது. அதை என்னிடம் சொல்லக்கூடக் கூசியிருக்கிறாரே என்று அழுகையும் வந்தது.

அண்ணாச்சி சுத்தியலைக் கீழே வைத்தார். கூலியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். அப்புறம் என்னிடம் திரும்பினார்.

"கட்டைய மாத்திருதேன். மிச்சக் காசுக்குப் புதுத் தகரம் ஒரு மூலைக்குத்தான் வரும். எந்த மூலைன்னு நீயே சொல்லு."

மகளின் பாயை எடுத்துச் சுவரோரமாக விரித்துக் காட்டினேன்.

ஜூன் மாதம் ஒரு மத்தியானம் மழை பிடித்தது. கூரை அசையவில்லை. பாயில் கிடந்த மகளின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டேன். இழுப்புச் சத்தம் இல்லை. பழைய தகரம் இருந்த பக்கம் ஒழுக ஒழுக, நானும் அவரும் பாத்திரங்களை நகர்த்திக்கொண்டிருந்தோம்.

"அம்மா, இங்க ஒழுகல. நீயும் அப்பாவும் இங்க வாங்க" என்று கூப்பிட்டாள் மகள்.

அங்கே ஒரு பாய்க்குத்தான் இடம் இருந்தது. இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு, நிறைந்த பாத்திரத்தை வெளியே கொட்டப் போனேன்.