கைக்குட்டையில் சுற்றிய கள்ளி

திருடி வைத்தால்தான் செடி பிடிக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கேட்டு வாங்கினால் கருகிவிடுமாம். சிதம்பரத்தில் எங்கள் தெருவில் இருக்கிற மணிபிளாண்ட் எல்லாம் அடுத்த வீட்டில் கிள்ளியதுதான். நானும் கிள்ளியிருக்கிறேன். அதில் எனக்கு வெட்கமே இருந்ததில்லை.

கடலூருக்கு வெளியே செம்மண் மேட்டில் ஒரு கள்ளித் தோட்டம் இருப்பதை என் மனைவி போனில் பார்த்தாள். ஜாக்கெட்டுக்கு மணி கோத்து வேலை செய்கிறவள் அவள். பகலெல்லாம் ஊசிமுனையையே பார்த்துக்கொண்டிருப்பாள். "ஒரு நாளாச்சும் கண்ணுக்குப் பச்சையக் காட்டு மாமா" என்றாள். பஸ் ஏறினோம்.

தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற அம்மா வாசலிலேயே சொல்லிவிட்டார். "எதையும் தொடாதீங்கண்ணே. சிலதுல பால் இருக்கு."

கள்ளியைப் பார்க்காதவனா நான்? மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

ஆலிவ் மரம் இருந்தது. காய்க்குமா என்று மனைவி கேட்டாள். "எலதான் வருது. நம்ம ஊருல அதுக்குக் குளிர் பத்தல" என்றார் அந்த அம்மா. ரோஸ்மேரி செடியில் ஓர் இலையை அவரே கிள்ளிக் கொடுத்தார். மனைவி மோந்து பார்த்துவிட்டு, தைல வாசனை என்றாள். அவள் போட்டோ எடுப்பதற்காகக் கைப்பையை என்னிடம் தந்தாள். இருவரும் முன்னே போனார்கள்.

எனக்குப் பக்கத்தில் விரல் தடிமனில் ஒரு கள்ளி, முள்ளே இல்லை. நுனியை ஒடித்தேன். அவசரத்தில் பையிலிருந்த அவளுடைய கைக்குட்டையில் சுற்றி உள்ளே தள்ளினேன். பொம்பளை பையை யார் சோதிக்கப் போகிறார்கள்?

கொஞ்ச நேரத்தில் அவள் திரும்பி வந்து பையை வாங்கிக்கொண்டாள். அந்த அம்மாவோடு பேசிக்கொண்டே நடந்தாள். நல்ல வெயில். பத்தடி தள்ளி நின்ற நான் பார்த்தேன், அவள் கை பைக்குள் போனது. பேச்சு சுவாரசியத்தில் கைக்குட்டையின் ஒரு முனையைப் பிடித்து இழுத்து, முகத்தைத் துடைத்தாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த அம்மா முன்னால் திருடனாக நிற்க வேண்டுமே என்று வாயை மூடிக்கொண்டேன். ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. "கண்ணு எரியுது மாமா."

"தூசியா இருக்கும். கசக்காத." எரிந்து விழுந்தேன். எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும்.

அவளுக்குக் கண்ணைத் திறக்க முடியவில்லை. அந்த அம்மா அவளைக் குழாயடியில் உட்காரவைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டார். "எந்தச் செடியத் தொட்டம்மா?"

"எதையும் தொடலியே. சத்தியமா தொடல."

அவள் சத்தியம் செய்ததும் பையைக் கவிழ்த்தேன். கைக்குட்டை வெள்ளையாகப் பிசுபிசுத்துக் கிடந்தது, பக்கத்தில் கள்ளித்துண்டு. "நான்தான் ஒடிச்சேன்" என்றேன். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "கேட்டிருந்தா குடுத்திருப்பனே" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஆட்டோவுக்குப் போன் போட்டார்.

கடலூர் ஆஸ்பத்திரியில் மறுபடி கழுவினார்கள். வலது கண்ணில் புண். பார்வை எப்படி வரும் என்று ஒரு வாரம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். அந்த ஒரு வாரமும் மணிநேரத்துக்கு ஒருமுறை சொட்டு மருந்து விட்டது நான்தான். ஒற்றைக் கண்ணோடு அவள் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முடியவில்லை. நான் செத்துச் செத்துப் பிழைத்தேன்.

எட்டாம் நாள் டாக்டர் பார்த்துவிட்டுப் புண் ஆறிவிட்டது என்றார். வீட்டுக்கு வந்ததும் அவள் ஜன்னலோரம் போய் நின்றாள். இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு எதிர்வீட்டுக் கம்பிக் கதவைப் பார்த்தாள்.

"தெரியுதா?"

"தெரியுது. ஒவ்வொரு கம்பியும் தெரியுது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் திரும்பவில்லை.

"நான் கர்சீப்ப எடுத்தப்ப நீ பாத்துட்டுதான மாமா நின்ன?"

ஆமாம் என்றேன். அவள் கையை எடுத்துவிட்டு, இரண்டு கண்ணாலும் என்னைப் பார்த்தாள்.