நான் அழித்த பதிவு

அந்தக் கோப்பை நீக்கியவன் நான்தான். நசீர் அண்ணன் இல்லை. ஐந்து ஆண்டுகளாக இதை ஒருவரிடமும் சொல்லவில்லை… உங்களிடம் சொல்கிறேன்.

பழங்காநத்தத்தில் ஒரு துணிக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். டயாலிசிஸ் மையங்களுக்கு மென்பொருள் செய்து கொடுத்தோம். அடுத்து எந்த நாளில் வர வேண்டும் என்று நோயாளிகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதும் அதன் வேலை. பிறர் எழுதிய நூறு சிறு நிரல்களை நம்பித்தான் அது நின்றது. மென்பொருளைத் தொகுக்கும் ஒவ்வொரு முறையும், அதாவது ஒவ்வொரு பில்டின்போதும், பில்டு சர்வர் என்ற கணினி அவற்றை இணையத்திலிருந்து தானே இறக்கிக் கோத்துவிடும். எந்த நிரலில் எந்தப் பதிப்பு என்பதை ஒரு கோப்பு பூட்டி வைத்திருந்தது. சர்வரைக் கவனித்தவர் நசீர் அண்ணன். "அதை மட்டும் தொட்டுறாத மாப்ள" என்று பலமுறை சொல்லியிருக்கிறார்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் தொழுகைக்குப் போயிருந்தார். என் பில்டு நான்காவது முறையாக உடைந்தது. பதிப்புகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அவர் வரும்வரை காத்திருந்தால் என்ன? பொறுமையில்லை… அவ்வளவுதான்! கோப்பை நீக்கினேன். சர்வர் எல்லாவற்றிலும் புதிய பதிப்பை எடுத்துக்கொண்டது. பில்டு தேறியது. மகிழ்ந்தேன்.

புதிதாக வந்த ஒரு நிரல் தேதியை ஒரு நாள் தள்ளிக் காட்டியது. உசிலம்பட்டியிலிருந்து வரும் ஓர் அம்மா செய்தியை நம்பி, வர வேண்டிய நாளுக்கு மறுநாள் வந்தார். அதற்குள் நுரையீரலில் நீர் கோத்திருந்தது. ஏற்கெனவே பலவீனமான இதயம்… பிழைக்கவில்லை.

தகவல் தெரிந்த உடனே சர்வரைத் திறந்தேன். எல்லோரும் பயன்படுத்தும் பொதுக் கணக்கில்தான் கோப்பை நீக்கியிருந்தேன். என் கணினியின் பெயர் யார் என்ன செய்தார்கள் என்று குறித்துவைக்கும் சர்வரின் லாக்கில் மட்டுமே பதிவாகியிருந்தது. அதை அழித்தேன். நான் எப்படிப்பட்டவன்?

விசாரித்தார்கள். சர்வர் தன் பொறுப்புதான் என்று நசீர் அண்ணன் ஒத்துக்கொண்டார். அன்றே வேலை போயிற்று. படியிறங்கும்போது, "அந்த லாக் மட்டும் இருந்திருந்தா யாருன்னு தெரிஞ்சிருக்கும். எப்படிப் போச்சுன்னே புரியல" என்றார். நான் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தம்வரை நடந்தேன்.

அதன்பின் அவருக்கு நிலையான வேலை அமையவில்லை. போன மாதம் போன் செய்தார். ஒரு நிறுவனத்தில் நேர்காணல் முடிந்ததாம்; தன்னைப் பற்றி விசாரிக்க என் எண்ணைக் கொடுத்திருக்கிறாராம். "என்னை நல்லாத் தெரிஞ்ச ஆளு நீதான்" என்றார்.

அங்கிருந்து ஒரு பெண் அழைத்தார். அந்தச் சாவுக்குக் காரணமான தவறு நசீர் அண்ணன் செய்ததுதானா என்று கேட்டார். இப்போதாவது சொல்லியிருக்கலாமே! வாயைத் திறந்தேன்…

"எனக்குச் சரியாத் தெரியாதுங்க" என்றேன்.

வேலை கிடைக்கவில்லை. அதையும் நசீர் அண்ணனே அழைத்துச் சொன்னார். "பரவால்ல மாப்ள. நீ நல்லதாத்தான் சொல்லியிருப்ப. எனக்குத் தெரியும்."

ஆமாம் அண்ணே, என்றேன்.