மேட்டில் நிற்கும் வேன்

"சில பேருக்கு இது வராது சார். இன்னா பண்ணாலும் வராது."

போன மாதம் எங்கள் தெருமுனை டீக்கடையில் நாகராஜ் மாஸ்டர் இப்படிச் சொன்னபோது, அவருடைய மாணவி அதே கடைக்குத் தண்ணீர் கேன் இறக்கிக்கொண்டிருந்தார். காதில் விழுந்திருக்கும். விழட்டும் என்றுதான் சொன்னாரோ என்னவோ!

மாஸ்டர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். மாணவி கஸ்தூரி, நாற்பதைத் தாண்டியவர். முந்தின நாள்தான் லைசென்ஸ் டெஸ்ட்டில் ஃபெயில் ஆகியிருந்தார்.

"இதெல்லாம் ரத்தத்துல வரணும் சார். எங்க தாத்தா மைன்ஸ்ல விண்டிங் எஞ்சின் டிரைவரு. ஒரு ஷிப்ட் ஆளுங்க அத்தினி பேரையும் கேஜ் கூண்டுல வெச்சி பூமிக்கடியில எறக்கி, பூ மாதிரி மேல கொண்டாந்து விட்டவரு. அந்தக் கை எனக்குக் கீது."

கோலார் தங்கவயலில் இது வழக்கமான பேச்சு. சுரங்கத்தை மூடிவிட்டார்கள். யாருடைய தாத்தா என்ன வேலை பார்த்தார் என்கிற கணக்கை மட்டும் இன்னும் யாரும் மூடவில்லை. பையன் நன்றாக ஃபுட்பால் ஆடினால் தாத்தா, பெண் நன்றாகப் பாடினால் தாத்தா... எனக்கு ஒரு சந்தேகம். எல்லாமே ரத்தத்தில்தான் இருக்கிறது என்றால் டிரைவிங் டெஸ்ட் எதற்கு? லேப்பில் ரத்தம் கொடுத்துவிட்டு லைசென்ஸ் வாங்கிக்கொள்ளலாமே.

கஸ்தூரியின் நிலைமை இதுதான். கணவர் முனுசாமி, மினி வேனில் ஊர் முழுக்கத் தண்ணீர் கேன் போடுகிறவர். ஓட்டுவது அவர், கேனைத் தூக்கி இறக்குவது கஸ்தூரி. பல வருடமாக இதே ஏற்பாடு. சென்ற மழைக்காலத்தில் முனுசாமிக்கு முதுகில் ஆபரேஷன். இனி ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று கோலார் டாக்டர் சொல்லிவிட்டார். கூலிக்கு வைத்த டிரைவர் வருகிற நாளைவிட வராத நாள் அதிகம். வேனை வாங்கிக்கொள்ள பங்காருப்பேட்டையில் ஒருவர் தயாராக இருந்தார்.

"இன்னொரு டெஸ்ட் போய்ப் பாரு. அதுலயும் போச்சின்னா வண்டியக் குடுத்துடலாம்" என்றார் முனுசாமி.

கொடுத்துவிட்டால்? இத்தனை வருடமாகப் பிடித்து வைத்திருந்த கடைகளும் வீடுகளும் வேறு யாருக்கோ போய்விடும். கஸ்தூரி ரயிலேறி பெங்களூருக்கு ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போக வேண்டும். விடியுமுன் கிளம்பி இருட்டியபிறகு திரும்பும் பிழைப்பு. நிமிர்ந்து உட்கார முடியாத மனிதரை அதுவரை யார் பார்த்துக்கொள்வது?

சரி, டெஸ்ட்டில் ஃபெயில் ஆனது எப்படி?

எங்கள் ஊரில் வண்டி பழகுகிற எல்லோரும் போகிற இடம் ஒன்று உண்டு — சயனைட் மேட்டின் அடிவாரம். சுரங்கக் கல்லை அரைத்து, சயனைடு கலந்து தங்கத்தை எடுத்துக்கொண்டு மிச்ச மண்ணைக் கொட்டினார்கள் அல்லவா, அது குன்று குன்றாகக் குவிந்து கிடக்கிறது. அதன் கீழே பெரிய வெட்டவெளி. மரம் கிடையாது. முட்டினால் சண்டைக்கு வர ஆள் கிடையாது. ஒரே ஒரு சிக்கல்... மண் மாவு மாதிரி இருக்கும். சக்கரம் புதையும். ஆக்ஸிலேட்டரை ஓங்கி மிதித்தால்தான் வண்டி நகரும்.

அங்கே மிதித்துப் பழகிய கால், டெஸ்ட் மைதானத்தின் சிமென்ட் மேட்டில் என்ன செய்யும்? அதே மிதிதான். வேன் துள்ளிப் பாய்ந்து, ஓரத்துக் கம்பத்தைச் சாய்த்துவிட்டு நின்றது. க்யூவில் இருந்தவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். மாஸ்டர் அதைத்தான் ரத்தத்தில் இல்லை என்று புரிந்துகொண்டார்.

கஸ்தூரி வேறு மாதிரி புரிந்துகொண்டார்.

"மண்ணுல மிதிச்சி மிதிச்சி காலு கெட்டுப்போச்சி மாஸ்டர். இனிமே அங்க வாணாம். தார் ரோட்ல, மேட்ல கத்துக் குடுங்க."

"ரோட்ல ஜனம் இருக்குமேக்கா."

"இருந்தா இன்னா?"

அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டது என் வீட்டு வாசலில் இருக்கும் மேடு. நேரம், காலை. பெங்களூர் ரயிலைப் பிடிக்கக் கோரமண்டல் ஸ்டேஷனுக்கு ஜனங்கள் ஓடுகிற நேரம். வேன் பாதி மேடு ஏறும், நிற்கும். பிரேக்கை விட்டதும் பின்னால் வரும். அல்லது ஒரு குலுக்குக் குலுக்கி ஆஃப் ஆகும். "அக்கா, தள்ளிவுடட்டா?" என்று ஒருவர் கேட்பார். "நடந்தா முன்னாடியே பூடலாம்க்கா" என்பார் இன்னொருவர். நான் காபி டம்ளருடன் கேட்டருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். டிக்கெட் இல்லாத வேடிக்கையை யார் விடுவார்கள்?

ஒரு நாள் வேன் என் கேட்டுக்கு நேராகவே ஆஃப் ஆனது. கேட்டேவிட்டேன். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் வந்து பழகலாமே, ரோடு காலியா இருக்குமே?"

கஸ்தூரி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"யாரும் இல்லாதப்போ நல்லாத்தான் சார் ஓட்றேன். நாலு பேரு பாத்தாதான் காலு ஆடுது. டெஸ்ட்ல பாப்பாங்களே சார்."

உள்ளே வந்துவிட்டேன். ஆனால் அந்தப் பதில் சாயங்காலம் வரை என்னை விடவில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் நன்றாகக் கன்னடம் பேசுவார் — வீட்டுக்குள். முதல் மீட்டிங்கில் யாரோ சிரித்துவிட்டார்கள், அதோடு சரி. இன்னொருவர் நீச்சல் குளத்தை இரண்டே நாளில் விட்டுவிட்டார். பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் மீன் மாதிரி நீந்தினார்களாம். இருவரும் சொல்வது ஒன்றுதான்: "நமக்கு அதெல்லாம் வராது." உண்மையிலேயே அவர்களிடம் இல்லாதது திறமையா? நாலு பேர் எதிரில் தப்பாகச் செய்துவிட்டு, மறுநாளும் அதே நாலு பேர் எதிரில் வந்து நிற்கிற தெம்பா?

திறமையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். இந்தத் தெம்பை யாரும் புகழ்வதில்லை. பார்ப்பதற்கு அது அவமானம் மாதிரியே இருப்பதால் இருக்கலாம்.

இரண்டாவது டெஸ்ட் போன வாரம் நடந்தது. கஸ்தூரி ஓஹோ என்று ஓட்டிவிடவில்லை. திருப்பத்தில் கொஞ்சம் தடுமாற்றம். ஆனால் மேட்டில் வேன் ஒரு சாண்கூடப் பின்னால் வரவில்லை. மெதுவாக, ஒழுங்காக ஏறியது. பாஸ். பங்காருப்பேட்டைக்காரருக்கு முனுசாமியே போன் செய்து வேன் இல்லை என்று சொல்லிவிட்டாராம். கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேடிக்கை பார்த்தவனுக்கு அதில் பங்கு உண்டா என்று தெரியவில்லை, இருந்தாலும் சந்தோஷம்தான்.

மாஸ்டர்? அவர் கொள்கையை விடுவாரா! "அக்கா, உங்க தாத்தா எந்த டிபார்ட்மெண்ட்ல இருந்தாரு?" என்று விசாரித்தாராம்.

நேற்றுக் காலை. வேன் நிறையக் கேன். ஸ்டியரிங்கில் கஸ்தூரி. பக்கத்து சீட்டில், இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு முனுசாமி — ஆபரேஷனுக்குப் பிறகு பழைய வாடிக்கையாளர்களைப் பார்க்க முதல் தடவையாகக் கிளம்பியிருக்கிறார். என் வாசல் மேட்டின் நட்டநடுவில் வண்டி ஆஃப் ஆனது. லோடு அப்படி. பின்னால் ஒரு டவுன் பஸ், அதன் பின்னால் ஆட்டோக்கள். எல்லாம் சேர்ந்து ஹாரன். டீக்கடையே எழுந்து நின்று பார்த்தது.

முனுசாமி சீட்டுக்குள் கூனிக் குறுகிப்போனார். "கஸ்தூரி, எல்லாரும் பாக்கறாங்க."

கஸ்தூரி ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். சாவியைத் திருப்பினார். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"பாக்கட்டும்ங்க. எல்லாம் தெனம் பாக்கறவங்கதான்."