பதினான்கு பெயர்கள்

கல்லூரியில் படிக்கும் என் மகன், இணையத்தில் யாரோ எழுதிவைத்த நிரலைத் தன்னுடையது என்று ஒப்படைத்துவிட்டான். விளக்கம் கேட்டுத் துறையிலிருந்து நேற்று அழைத்தார்கள். அவனைத் திட்ட வாயெடுத்தபோது என் பன்னிரண்டாவது வயது குறுக்கே வந்து நின்றது.

அப்போது அக்கா அறந்தாங்கியில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தாள். சனிக்கிழமைகளில் நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். கணினியில் தமிழ் அடிக்க ஒரு மென்பொருளை இணையத்தில் சிலர் சேர்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். வளைகுடாவில் இருந்த ஒருவர், வீட்டுக்குத் தமிழில் கடிதம் அடிக்க வழியில்லையே என்று தொடங்கியதாம். சிங்கப்பூரிலிருந்து இன்னொருவர் உதவிக்கு வர, அப்படியே பதினான்கு பேர் ஆகியிருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை; சம்பளமும் இல்லை. அக்காவும் புதிதாக அவர்களோடு சேர்ந்திருந்தாள்.

"அப்ப எதுக்குக்கா செய்யுறாங்க?" என்று நச்சரிப்பேன்.

"அவங்களுக்கு வேணுங்குறதால செய்யுறாங்கடி. பேசாம இரு."

அதில் ‘கொ’ என்று அடித்தால் கொம்பு ஓரிடத்திலும் கால் அடுத்த வரியிலும் போய் விழுந்தது. இரண்டு மாதம் மல்லுக்கட்டி அக்கா அதைச் சரிசெய்தாள். அனுப்பப்போகும் நேரத்தில் பிரிண்ட் எடுக்க யாரோ கூப்பிட, எழுந்து போனாள். நான் நிரல் கோப்பின் மேல்பகுதியில், அதைச் செய்தவர்களின் பட்டியலைப் பார்த்தேன். முன்பின் தெரியாத பதினான்கு பெயர்கள். அவற்றுக்கு அடியில் கடைசியாக அக்கா. எனக்கு மனசு ஆறவில்லை. பதினான்கையும் அழித்துவிட்டேன். அவள் திரும்பி வந்து, மேலே பார்க்காமலே அனுப்பிவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை பதில் வந்திருந்தது. இதை யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். செய்தவர்களின் பெயரை மட்டும் நீக்கக் கூடாது. மென்பொருளோடு வரும் உரிமத்தில் இருந்த நிபந்தனை அது ஒன்றுதான். அதை மீறியது ஏன் என்று தெரியும்வரை திருத்தத்தைச் சேர்க்க இயலாது, அக்கா குழுவில் தொடர்வதையும் யோசிக்க வேண்டியிருக்கும் என்று எழுதியிருந்தார்கள். அக்காவின் முகம் வெளுத்துப்போனது. நான் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டேன்.

"ஏன்டி இப்புடிப் பண்ணுன?"

"ஒம் பேரு கடைசியில கெடந்துச்சுக்கா."

வீட்டில் அப்பா கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்தார். "அடியாத்தா! கல்யாணப் பத்திரிகையில ஒத்தப் பேரு விட்டுப்போனதுக்கு ஒங்க பெரிய மாமா மூணு வருசமா இங்கிட்டு எட்டிப் பாக்கல. நீ பதினாலு பேர வெட்டிவிட்டு வந்துருக்கியே!" கணினியைத் தொட்டே பார்க்காத அவருக்கு உரிமம் உடனே விளங்கிவிட்டது.

மறுநாள் அக்கா என்னையும் சென்டருக்குக் கூட்டிப்போய் மன்னிப்புக் கடிதம் அடித்தாள். தோளுக்கு மேலாக எட்டிப் படித்தேன். ‘பெயர்களை நீக்கியது நான்தான். விவரம் தெரியாமல் செய்துவிட்டேன்’ என்றிருந்தது. அந்த உரிமத்தை வரி பிசகாமல் ஒப்பிக்கக்கூடியவள் அவள்.

அடுத்த சனிக்கிழமைக்குள் அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள், பதினைந்தாவதாக அக்கா பெயர் சேர்ந்தது. எனக்குத்தான் குறை. செய்தவர் பெயர் இருக்க வேண்டும் என்றார்களே, நான் செய்ததற்கு அவள் பெயரை ஏன் போட்டாள்? அன்று சென்டரைப் பூட்டும்போது கேட்டேன். அவள் பஸ்ஸைப் பார்த்து நடந்தாள். ஊர் வரும்வரை நான் வேறு சீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.