தொடாமல் வளர்த்த நாய்

என் தங்கச்சி றினோஸா நாய் வளர்க்கப் போகிறாள் என்ற செய்தியை நிந்தவூரிலிருந்து கல்முனைக்குக் கொண்டு வந்தவன் சுபியான். அவன் எங்கள் ஊரில் பெட்டி பூட்டிய லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வைத்து மண், எரு, நெல்மூட்டை ஏற்றுகிறவன். நான் என் தையல் கடையில் பெருநாள் உடுப்புகளுக்கு நடுவில் இருந்தேன். அன்று நோன்பு ஒன்பது.

“காக்கா, உங்கட தங்கச்சி பாண்டிருப்பில இருந்து நாய் ஏத்தி வரக் கூலி கேக்கிறா. எவ்வளவு சொல்ல?”

“எத்தன நாய்?”

“ஒண்டுதான்.”

“அப்ப நெல்லுக்குக் கேக்கிறதவிடக் குறையக் கேளு” என்றேன். அதற்குப் பிறகுதான் அவன் சொன்னது எனக்கு விளங்கியது. கையிலிருந்த துணியைக் காலிஞ்சி பிசகி வெட்டியிருந்தேன். முப்பத்தொரு வருடத் தொழிலில் அது மூன்றாவது தடவை.

றினோஸா இடியப்பம் அவித்து விற்கிறவள். மாப்பிள்ளை மௌத்தாகி ஆறு வருடம். ஒவ்வொரு காலையும் மூன்று சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறாள். அவள் இடியப்பம் பிந்தி வந்தது என்றோ பிசுபிசுத்தது என்றோ எந்தக் கடையும் சொன்னதில்லை. நான் மூன்றிலும் விசாரித்திருக்கிறேன். ஆடு வளர்க்கத் தொடங்கியதும் அவளுடைய சொந்த மூளைதான். ஒரு நாள் இறைச்சிக் கடைக்குப் போனவள், அறுக்கக் கட்டியிருந்த நொண்டி மறிக்குட்டியைப் பார்த்தாள். இதை அறுத்தால் எலும்பைத்தான் நிறுத்து விற்க வேண்டும் என்று கடைக்காரருக்கு விளங்கப்படுத்தி, கறிக்குக் கொண்டு போன காசோடு கொஞ்சம் கடனும் சொல்லி, குட்டியை உயிரோடு கொண்டு வந்துவிட்டாள். அன்று அவர்கள் வீட்டில் பருப்பு. அந்த நொண்டியிலிருந்து நாலு வருடத்தில் ஏழு ஆடு ஆனது.

ஏழும் ஹஜ்ஜுப் பெருநாள் நேரம் நல்ல விலைக்கு விற்பதற்கு. அந்தக் காசில் மகள் அப்ராவுக்குக் கட்டுகிற வீட்டுக்குக் கூரை போட வேண்டும். வளவின் பின்பக்கம் அது ஜன்னல் மட்டத்தில் நிற்கிறது. பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நானும் அப்படி வந்த வீட்டில்தான் இருக்கிறேன். அதனால் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

மூன்றாம் நோன்பன்று, தறாவீஹ் நேரம், ஏழில் இரண்டு களவு போனது. நோன்பு மாதத்தில் இரவு இஷாவுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் நின்று தொழுகிற தொழுகை அது. ஆண்கள் பள்ளிவாசலில், பெண்கள் மதரஸாவில். தெருவில் ஒரு குஞ்சும் இருக்காது. எத்தனை மணிக்குத் தொடங்கும், எத்தனை மணிக்கு முடியும் என்று ஒலிபெருக்கியில் நாங்களே சொல்லிக் கொடுக்கிறோம். கள்ளனுக்கு வேறென்ன வேண்டும்.

அதற்குப் பிறகு றினோஸா தறாவீஹுக்குப் போகவில்லை. அப்ராவைப் பக்கத்து வீட்டு றுகையாவோடு மதரஸாவுக்கு அனுப்பிவிட்டு, டோர்ச் லைட்டோடு ஆட்டுக் கொட்டில் வாசலில் இருந்தாள். எல்லோரும் வந்த பிறகு வீட்டில் தனியாகத் தொழுதாள். அதுவும் தொழுகைதான். ஆனால் வருடம் முழுக்க நெருப்பு முன்னால் நிற்கிறவளுக்கு, பத்துப் பெண்களோடு தோளோடு தோள் சேர்ந்து நிற்கக் கிடைப்பது அந்த ஒரு மாதம்தான். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

சுபியான் சொன்ன அன்று நோன்பு திறந்த கையோடு போய்க் கேட்டேன்.

“என்னத்துக்குகா நாய்?”

“தறாவீஹுக்குப் போகாத ஒரு ஆள் தேடினன் காக்கா. தெருவில ஆரும் அகப்படல்ல.”

“அதுக்குத் தீன் போடக் காசு?”

“அதத்தான் யோசிச்சிட்டு இரிக்கன்.”

யோசிக்கத்தான் வேண்டும். நோன்பில் காலைக் கடைகள் பூட்டு. ஒரு கடை மட்டும் விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு இடியப்பம் எடுத்தது. நான் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். குருணல் அரிசி, மீன் தலை, ஊசி, பூச்சி மருந்து எல்லாம் சேர்த்து மாதம் மூவாயிரத்து நானூறு. மீன் தலை சும்மா கிடைத்தால் இரண்டாயிரத்து அறுநூறு. அதை நான் தருகிறேன் என்றேன்.

“என்ட ஆட்டுக்கு நீங்க காவல் காசு குடுத்தா, ஆட்டில பாதி உங்கட எண்டு மச்சி சொல்லுவா” என்றாள்.

மச்சி என்பது என் மனைவி. சொல்லக்கூடியவள்தான்.

அடுத்த நாள் நான் மௌலவி முர்ஷிதைக் கண்டு கேட்டேன். அவர் நிதானமான மனுஷன்.

“ஆடு எத்தன?”

“அஞ்சி.”

“ஆட்டுக் காவலுக்கு நாய் வைக்கலாம். வீட்டுக்குள்ள எடுக்கக் கூடா. வாய் வச்சத, ஈரத்தோட பட்டத, ஏழு தரம் கழுவணும். அதில ஒரு தரம் மண் கலந்து. உங்களுக்குத் தெரிஞ்சதுதானே.” பிறகு, “அஞ்சி ஆட்டுக்கு ஒரு நாய் காணும்” என்றார்.

றுகையாவுக்கு அது போதவில்லை. வேலியால் எட்டிப் பார்த்து, “நாய் இரிக்கிற வீட்டுக்கு வானத்து மலக்குமார் வரமாட்டாங்க, தெரியுமா?” என்றாள்.

“அது கொட்டிலடியிலதான் கிடக்கும். மலக்குமாருக்கு ஆட்டுக் கொட்டில்ல என்ன அலுவல்?” என்றாள் றினோஸா. றுகையா அதற்குப் பதில் யோசித்துக்கொண்டு போனாள். இன்னும் வரவில்லை.

பதினோராம் நோன்பு பின்னேரம் பாண்டிருப்புக்குப் போனோம். நாய்க் காப்பகம் என்பது ஓய்வு பெற்ற ஒரு ரீச்சரின் பின்வளவு. கம்பி அடித்து, தகரம் போட்டு, பத்தொன்பது நாய்கள். நான் இரண்டு தரம் எண்ணினேன். ரீச்சர் ஒரு கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு பெயர், விலாசம், வளவு எத்தனை பேர்ச், வேலி என்ன வேலி என்று கேட்டு எழுதினா. அவவுடைய எழுத்து எனக்குப் பிடித்தது.

“நாயைத் தொடுவீங்களா தங்கச்சி?”

நான் றினோஸாவைப் பார்த்தேன். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் முடிகிற வேலை.

“தொடமாட்டன் ரீச்சர்” என்றாள். “பட்டினி போடமாட்டன். அடிக்கமாட்டன். மழைக்கு நனைய விடமாட்டன். தொடமாட்டன்.”

ரீச்சர் பேனையை மூடி வைத்தா. “நாய் எண்டா தடவிக் குடுக்க ஆள் வேணும் மனே. பத்தொம்பதில பதினெட்டு, ஆள் தடவல்ல எண்டா சாப்பிடாதுகள்.”

“மத்தது?” என்று கேட்டாள் றினோஸா.

மூலையில் ஒரு மண்ணிறப் பெட்டை படுத்திருந்தது. ஒரு காது பாதி இல்லை. முதுகில் கைப்பிடி அகலத்துக்கு மயிர் இல்லை. யாரோ சுடுதண்ணி ஊற்றிய இடம் என்றா ரீச்சர். பெயர் ராசாத்தி. மூன்று வருடமாக யாரையும் கிட்ட விட்டதில்லை. ஊசி போட வருகிற மிருக வைத்தியர் மட்டும் சாக்கைப் போட்டு அமுக்கித் தொடுகிறார். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அதைத் தாண்டித்தான் போயிருக்கிறார்கள்.

றினோஸா கம்பிக்கு நாலு அடி தள்ளிக் குந்தினாள். நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. இரண்டு பேரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். ஐந்து நிமிடம் போல.

“சரி வரும்போல” என்றாள்.

“பத்து நாள் வச்சிப் பாருங்க. நான் வந்து பாப்பன். எனக்குச் சரியில்ல எண்டா திருப்பி எடுப்பன். உங்களுக்கு ஏலாட்டியும் சொல்லுங்க, வெக்கப்படத் தேவல்ல” என்றா ரீச்சர். நல்ல பேச்சு.

ராசாத்தியை அடுத்த நாள் மரக் கூட்டுக்குள் வைத்து சுபியானின் பெட்டியில் ஏற்றினோம். ஓட்டோக்காரர் இரண்டு பேர் மாட்டேன் என்றுவிட்டார்கள். சுபியான், “இந்தப் பெட்டியில மண் எப்பயும் இரிக்கி. தண்ணி மட்டும் அடிச்சா வேல முடிஞ்சி” என்றான்.

றினோஸா ஒரு அலுமினியச் சட்டியை ஒதுக்கினாள். வேறு எதோடும் மாறிவிடக் கூடாது என்று நான் அதற்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துக் கொடுத்தேன். கொட்டில் பக்கத்தில் ஒரு வாளி மண், ஒரு வாளி தண்ணீர். தீனை அந்தச் சட்டியில் வைத்துத் தடியால் தள்ளுவாள். நாய் அவள் தள்ளிப் போகும் வரை பார்த்திருந்து, பிறகு தின்னும். அந்தப் பெயரைத் தெருவுக்குக் கேட்கக் கூப்பிட அவளுக்கு ஒரு கிழமை கூச்சமாக இருந்தது. “இந்தா” என்று மட்டும் சொல்வாள். நாய் அதற்கும் வந்தது.

ஒரு குறைதான். நாய் குரைக்கவில்லை. ஆறு நாள் ஒரு சத்தமில்லை. றினோஸா தறாவீஹுக்குப் போகத் தொடங்கிவிட்டாள். குரைக்காத நாயை நம்பிப் போகிறாளே என்று எனக்கு மனம் பொறுக்கவில்லை. ஒரு பொருளைக் கடையில் வாங்கினால் இழுத்துப் பார்த்துத்தானே வாங்குகிறோம்.

ஏழாம் நாள், தறாவீஹ் தொடங்கும் நேரம், பின்வேலியால் உள்ளே போனேன். சத்தம் வராமல் போனேன். கள்ளன் எப்படி வருவான் என்று யோசித்து அப்படியே செய்தேன். கொட்டில் கதவில் கை வைத்த நேரம் சாரனின் பின்பக்கம் எதிலோ கொழுவியது போல இருந்தது. திரும்பிப் பார்த்தேன். கொழுவியது ராசாத்தி. உறுமவும் இல்லை. சாரன் தலைப்பைப் பல்லுக்குள் வைத்துக்கொண்டு, நான் யார் என்று அறிய விருப்பமில்லாத மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் ஒரு அடி வைத்தால் அது ஒரு அடி இறுக்கியது. நின்றால் அதுவும் நின்றது. கூப்பிட ஆள் இல்லை. இருந்தாலும், பிறர் வளவில் ஆட்டுக் கொட்டில் கதவில் கையோடு, தறாவீஹ் நேரம், என்ன சொல்லிக் கூப்பிடுவது? சாரனை விட்டுவிட்டு ஓடலாம். ஐம்பத்திரண்டு வயதில் அதற்கும் மனம் வரவில்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் தொழுகையின் இருபது றகஅத்தும் கேட்டேன். ஒன்றும் தவறவில்லை.

மதரஸாவிலிருந்து வந்த றினோஸா டோர்ச் அடித்துப் பார்த்தாள்.

“காக்கா, தொழல்லையா?”

“கேட்டுட்டு இருந்தன்.”

“இந்தா” என்றாள். நாய் சாரனை விட்டுவிட்டுப் போய்ப் படுத்தது. அப்ரா மண் வாளியைக் கொண்டு வந்து என் பக்கத்தில் வைத்தாள். கழுவினேன். ஏழு தரம், எண்ணி.

பத்தாம் நாள் ரீச்சர் வந்தா. நாயைச் சுற்றிப் பார்த்தா, சிவப்புச் சட்டியைப் பார்த்தா, கொட்டிலுக்குப் பக்கத்தில் போட்டிருந்த தகரத்தைத் தட்டிப் பார்த்தா. நாய் ஒரு கிலோவாவது கூடியிருக்கும் என்றா. “எனக்குச் சரி. உங்களுக்கு எப்படி?”

நான் பில் புத்தகத்தை எடுத்தேன். மீன் தலை சும்மா கிடைக்கவில்லை. நோன்பில் சோற்றுக்கு ஆணம் காய்ச்சத் தலையையும் ஆள் வாங்குகிறது. ஆக மூவாயிரத்து நானூறு. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் ஒரு ஆட்டை விற்றால்தான் சமாளிக்கலாம். அதாவது நாலு ஆட்டைக் காக்க ஒரு ஆட்டை விற்க வேண்டும். அதை ரீச்சருக்கு முன்னாலேயே வாசித்தேன். கணக்கில் மறைக்க ஒன்றுமில்லை.

றினோஸா முழுக்கக் கேட்டாள்.

“கணக்குச் சரி காக்கா” என்றாள். “கள்ளன் வந்தானா வரல்லையா எண்டு எனக்குத் தெரியா. உங்களத் தவிர ஆரும் மாட்டல்ல. ஆனா பத்து நாளும் நான் ஆட்ட நினைக்காமத் தொழுதன். அதுக்கு உங்கட புத்தகத்தில எவ்வளவு போட்டிரிக்கீங்க?”

நான் போடவில்லை.

“இந்த வீட்டில மாசம் மூணு பக்கட் பால்மா போகுது. அப்ராக்கு ஒண்டு காணும். நான் பால் போடாமப் பிளேன்ரீ குடிப்பன். ஆடு ஒண்டும் விக்கிறல்ல.” பிறகு ரீச்சரிடம், “எங்க ரீச்சர் கையெழுத்து வைக்கணும்?” என்றாள்.

ஒரு பால்மா பக்கட் ஆயிரத்து நூறு. இரண்டு பக்கட் இரண்டாயிரத்து இருநூறு. மிச்சம் ஆயிரத்து இருநூறு துண்டு விழுகிறதே என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தாள். நேரான, வடிவான கையெழுத்து. புத்தகத்தை மூடினேன். அந்த ஆயிரத்து இருநூறுக்கு மாதம் மாதம் மீன் தலை வாங்கி, சுபியான் கொடுத்ததாகச் சொல்லி அனுப்புகிறேன். ஆட்டில் பங்கு கேட்க முடியாதபடி.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு நாலு ஆட்டை விற்றாள். நொண்டி மறியை விற்கவில்லை. கூரை போட்டாயிற்று.

அவள் கல்முனைக்குச் சாமான் வாங்க வந்தால் என் கடையில் இருந்துவிட்டுப் போவாள். நான் பக்கத்துக் கடையில் பால் தேத்தண்ணி சொல்லுவேன். வேண்டாம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஆறவிட்டு, கடைசிச் சொட்டு வரை குடிப்பாள். பிறகு, “சுபியானுக்குச் சொல்லுங்க, போன மாசத் தலையில செவுள் கூட எண்டு” என்பாள்.