பதினான்கு வயதில் சுருக்கம்

பதினான்கு வயதில் எங்கேயடி சுருக்கம் வரும்? என் மகள் படிப்பது ஒன்பதாம் வகுப்பு. சிரித்தால் கண்ணோரம் கோடு விழுகிறதாம். சிரித்தால் யாருக்குத்தான் விழாது? அவள் வகுப்பில் நாலைந்து பெண்கள் கைப்பேசியில் வீடியோ பார்த்துவிட்டு, இப்போதே தடுத்துக்கொண்டால் கிழவியாகவே ஆக மாட்டோம் என்று முடிவு கட்டியிருக்கிறார்கள்.

சுருக்கத்துக்குத் தடவுகிற மருந்துச் சீசாவை அவளுக்குக் கொடுத்தவள் எங்கள் தெரு பியூட்டி பார்லர்காரி. முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று அட்டையிலேயே பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. பள்ளிச் சீருடையில் வந்து நிற்கிற பிள்ளைக்கு அதை எடுத்துக் கொடுக்க அவளுக்கு எப்படி மனசு வந்தது? பிற்பாடு போய்ச் சண்டை போட்டேன். கேட்டாள், கொடுத்தேன் என்றாள். விஷம் கேட்டாலும் கொடுப்பாயா என்று தெருவே கூடும்படி கத்திவிட்டு வந்தேன்.

கத்தியது சரிதான். ஆனால் நான் செய்ததையும் சொல்லியாக வேண்டும். எனக்கு ஆம்பூர் பக்கம் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் வேலை. வருகிற ஆட்டுத் தோலை முதலில் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். மேலே இருக்கிற முடியும் அழுக்கும் வழன்று வந்துவிடும், அடியில் தோல் வெள்ளை வெளேரென்று நிற்கும். சரியாக உரியாத தோலைப் பார்த்து, மறுபடி ஊறப்போடச் சொல்வது என் வேலை.

எனக்குத் தெரியாமல் ஒரு வாரம் தடவிவிட்டு, மகள் வந்து கன்னத்தைக் காட்டினாள். மூக்கோரம் சிவந்து, செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது.

"எரியுதும்மா. நிறுத்திடட்டுமா?"

அப்போதுதான் அந்தச் சீசாவையே பார்த்தேன். பிடுங்கிக் குப்பையில் எறிந்திருக்க வேண்டும். பெரிய மேதாவி மாதிரி அவள் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தேன்.

"உரிஞ்சாதான் கீழ நல்ல தோலு வரும். பாதில வுட்டா திட்டுத் திட்டா நின்னுடும். ரெண்டு வேளையா போடு."

செத்த தோலுக்குச் சொல்வதை உயிருள்ள பிள்ளைக்குச் சொன்னேன். டேனரியில் அமிலக் கேனைத் தொடுவதற்கு இரண்டு கையிலும் உறை மாட்டுகிறவள் நான். அன்றைக்குப் புத்தி எங்கே போய்த் தொலைந்ததோ.

என் பேச்சைக் கேட்டுக் காலையிலும் தடவிக்கொண்டு பள்ளிக்குப் போனாள். விளையாட்டு விழாவுக்கு ஒத்திகை, மைதானத்தில் அணிவகுப்பு. எங்கள் பக்கத்து வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மூன்றாம் நாள் முகம் வீங்கி, கன்னமெல்லாம் கொப்புளம். தண்ணீர் பட்டாலே அலறினாள்.

வேலூருக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன். தோல் மருத்துவரம்மா விளக்கைப் போட்டுப் பார்த்தார். வயதானவர்களுக்கான மருந்து பிள்ளையின் தோலை அரித்துவிட்டது, அதன்மேல் வெயில் சுட்டுவிட்டது என்றார். ஆற மாதக்கணக்கில் ஆகுமாம், கறுப்புக் கறுப்பாகத் தழும்பு தங்கினாலும் தங்குமாம். பிறகு அவருக்கும் கோபம் வந்தது.

"உரிய ஆரம்பிச்சதுமே நிறுத்தியிருக்கணும் இல்ல? அதுக்கப்புறமும் போடச் சொன்னது யாரு?"

மகள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"யாரும் சொல்லல டாக்டர். நானாத்தான் போட்டுக்கினேன்."

மருத்துவர் அவளைப் பிடித்துக்கொண்டார். படிக்கிற பிள்ளைதானே, அட்டையைப் படிக்கத் தெரியாதா, அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்று சரமாரியாகத் திட்டினார். எனக்கு விழ வேண்டிய திட்டு அத்தனையும் அந்த வீங்கிய முகத்தின்மேல் விழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாமே, ஏன்டி சொல்லவில்லை என்று கேட்டேன்.

"டேனரில தோலு பாக்கற நீதான் போடச் சொன்னேன்னு தெரிஞ்சா, அவங்க உன்னப் பாத்து சிரிப்பாங்கம்மா," என்றாள்.