நீமாவை வழியனுப்ப மைசூர் போனேன்

காலை 6.10. ஹனூரில் பஸ் ஏறினேன். கொள்ளேகாலம் இருபத்தைந்து கிலோமீட்டர். அங்கே வண்டி மாறினால் மைசூர் இன்னும் அறுபது சொச்சம். கர்நாடகத்தில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம் என்பதால் ஆதாரைக் காட்டியதோடு செலவு முடிந்தது.

"மைசூர்ல வேலைங்களா கண்ணு?" என்றார் பக்கத்து சீட் அக்கா.

"இல்லீங்க்கா. சிநேகிதி ஊருக்குப் போறா, வழியனுப்பப் போறேனுங்க. தான்சானியா."

அதை மாண்டியா பக்கம் ஏதோ ஒரு ஊர் என்று எடுத்துக்கொண்டு அக்கா தலையாட்டினார்.

நீமாவும் நானும் மைசூரில் ஒரே விடுதி அறையில் இருந்து சர்வதேச உறவுகள் எம்.ஏ. படித்தோம். ஆப்பிரிக்க ராஜதந்திரத்தை நான் விருப்பப் பாடமாக எடுத்ததே அவளால்தான். மின்சாரக் கேத்தலில் இஞ்சி தட்டிப் போட்டு அவள் டீ வைப்பாள். குடித்துக்கொண்டே விடிய விடியக் கதையளப்போம். அந்த இரண்டு வருடம் இனி வராது. அதைக் கெடுத்தவளும் நானே.

கடைசிப் பருவத்தில் ஆப்பிரிக்க நாடுகளின் மாநாடு ஒன்றை வகுப்பில் நடத்திப் பார்த்தோம். ஓர் ஏரியின் நீரை எட்டு நாடுகள் பங்கிட வேண்டும், நான் தலைவர். மணி அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. தன் நாட்டுக்காகப் பேசிக்கொண்டிருந்த நீமாவை நிறுத்திவிட்டு, என் பங்கீட்டுத் திட்டத்துக்கு எல்லோரையும் கை தூக்கச் சொன்னேன். ஏழுக்கு ஒன்று; கை தூக்காதது நீமா மட்டும். எனக்கு முதல் மதிப்பெண். ஆக்கப் பொறுத்த எனக்கு ஆறப் பொறுக்கவில்லை. அன்று மாலையே நீமா பெட்டியோடு வேறு அறைக்குப் போய்விட்டாள்.

ஒரு வருடமாகப் பேச்சில்லை. இப்போது அவள் நாட்டிலேயே ஆய்வு செய்ய எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. அவளோ இன்று ஊர் திரும்புகிறாள்; காலையில் மார்க்கெட்டில் இருப்பாள் என்று விடுதித் தோழி ஒருத்தி சொன்னாள். சமாதானம் ஆகாமல் அவளை அனுப்பிவிட்டு நான் எந்த முகத்தோடு அங்கே போய் இறங்குவது?

9.40. மைசூர். ஆட்டோ அறுபது ரூபாய். "மார்க்கெட் ஒளகடே வண்டி விடல்ல மேடம், சர்க்கிள்லயே இறங்கிக்கங்க" என்று மார்க்கெட்டுக்கு வெளியிலேயே நிறுத்தினார் ஓட்டுநர்.

தேவராஜ மார்க்கெட்டில் நீமா ஊதுபத்திக்கு "ஸ்வல்ப கம்மி மாடி அண்ணா" என்று பேரம் பேசிக்கொண்டிருந்தாள். பழைய குரல். "நீமா, அன்னிக்கு..." என்று ஆரம்பித்தேன். எப்போதும்போல ஆங்கிலத்தில்தான்.

"இரு. முதல்ல வீட்ல எல்லாரும் எப்படி இருக்காங்க?"

அம்மா, அப்பா, மழை, மஞ்சள் விளைச்சல், மாடு என்று ஒன்று விடாமல் விசாரித்தாள். நலம் கேட்டு முடிக்காமல் அவர்கள் ஊரில் காரியம் பேசுவதில்லை. பிறகுதான் மன்னிப்புக் கேட்க விட்டாள்.

"எங்க ஊர்ல கை தூக்கி முடிக்க மாட்டோம்" என்றாள். "எல்லாரும் சரின்னு சொல்ற வரைக்கும் பேசுவோம்."

ஹனூரில் எங்கள் ஊர்க்கூட்டத்திலும் அப்படித்தான். எனக்குத்தான் படிப்பு ஏறியதும் மறந்துபோயிற்று.

12.30. விமான நிலையப் பஸ். படியில் ஏறியவள், "வந்தா எங்க வீட்லதான் தங்கணும்" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்கு அப்போதும் மனது ஆறவில்லை.

"அன்னிக்கு என்னதான் சொல்ல வந்தே?" என்று கேட்டேன்.

"சம்மதம்னு சொல்ல வந்தேன்" என்று சிரித்தாள். "அதுக்கு முன்னாடி எல்லாருக்கும் நன்றி சொல்லணும் இல்லையா? பாதி நன்றியில நீ நிறுத்திட்டே."

பஸ் போன பிறகும் அங்கேயே நின்றிருந்தேன். ஏழுக்கு ஒன்று என்று நான் ஜெயித்த கூட்டத்தில், அந்த ஒன்றும் என் பக்கம்தான் இருந்திருக்கிறது.